கண் இருக்கும் இடத்தில் பார்வை இருக்கட்டும்

புதிதாகக் கட்டும் வீட்டின் முன்னால் திருஷ்டி பொம்மை தொங்கவிடுகிறோம். உருட்டி விழிக்கும் இரண்டு பெரிய கண்கள். அந்தக் கண்கள் எதையும் பார்ப்பதில்லை. நாம் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்டவை. அதில் யாரும் ஏமாறுவதும் இல்லை. இப்போது உணவகத்தில் தட்டு ஏந்தி வரும் ரோபோ, கடை வாசலில் வணக்கம் சொல்லும் ரோபோ என்று வருகிறதே, அவற்றில் பலவற்றின் கண்ணும் இந்த ரகம்தான். திரையில் வரைந்த கண், அல்லது விளக்கு எரியும் கண். உண்மையாகவே பார்க்கிற கேமரா வேறு எங்கோ ஒரு பொட்டு அளவுக்கு ஒளிந்திருக்கும். திருஷ்டி பொம்மையிடம் ஏமாறாத நாம் இதனிடம் ஏமாறிவிடுகிறோம்.

இன்னொரு வகை ரோபோவும் உண்டு. அதற்கு இரண்டு கேமராக்கள்தான் இரண்டு விழிகள். நாம் ஒரு பந்தை உருட்டினால் அந்த விழிகள் திரும்பும், அவற்றுக்குப் பின்னாலேயே கழுத்தும் திரும்பும். இதைச் செய்ய வைப்பதற்கு நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய மூளைகள் உழைத்திருக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது வகை மேல்தான் மரியாதை. நம் வயதுக்காரர்கள் வீட்டுக்குள் நாளை ஏதாவது ஓர் இயந்திரம் வந்துதான் தீரும் என்றால் இந்த வகைதான் வரவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் நம் கண் எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். நம் கண் கூர்மையாகப் பார்க்கும் இடம் ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். கணக்கில் சொன்னால் இரண்டு டிகிரிக்குப் பக்கம். மற்றதெல்லாம் மங்கல். அப்படியும் அறை முழுவதும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கிறதே என்றால், கண் ஒரு நொடிக்கு மூன்று தடவை போல இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தாவலுக்கு உலகம் முழுக்கப் பிரெஞ்சுப் பெயர்தான்: சக்காத். நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால் இந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் நெருக்கம். குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் அதற்குப் பெயர் சக்காத். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களும், புத்தகம் படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிப் போவதில்லை, வெடுக் வெடுக்கென்று தாவித்தான் போகிறது என்று கண்டுகொண்டார்கள். இந்த வரியை நீங்கள் படிப்பதும் அப்படித்தான்.

தாவும் நேரத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. நம்பாவிட்டால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள், மறுபடி இடது. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் உங்கள் வீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

அசையும் பொருள் என்றால் கண்ணுக்கு இன்னொரு வித்தை இருக்கிறது. எங்கள் புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடுவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரும்புக் குண்டு மண்ணில் மெதுவாக உருண்டு போகும்போது கண் அதனோடு ஒட்டிக்கொண்டு வழுக்கியபடி போகிறது. இந்த வழுக்கலை நாமாக வேண்டுமென்று செய்ய முடியாது. வெறும் சுவரில் இடமிருந்து வலமாகக் கண்ணைச் சீராக நகர்த்திப் பாருங்கள், தாவித் தாவித்தான் போகும். உருளுகிற பொருள் ஒன்று இருந்தால்தான் கண் வழுக்கும்.

அதே ஆட்டத்தில் எதிராளியின் குண்டை அடித்துத் தள்ள ஒருவர் வீசுகிறார் என்று வையுங்கள். அப்போது யாரும் பறக்கிற குண்டின் பின்னால் கண்ணை ஓட்டுவதில்லை. அது விழப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே போய்விடுகிறது. கிரிக்கெட் மட்டையாளரும் இதையேதான் செய்கிறார் என்று இங்கிலாந்தில் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இருவர் 2000-இல் அளந்து காட்டினார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும்போது ஒரு பார்வை, உடனே பந்து குத்தப்போகும் இடத்துக்கு ஒரு தாவல், அங்கே காத்திருப்பு. கெட்டிக்கார மட்டையாளர் சீக்கிரம் தாவிவிடுகிறார், மற்றவர் தாமதமாகத் தாவுகிறார். ‘பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே’ என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கண்ணை எடுக்கிறவர்கள்தான்!

இன்னும் ஒரு சோதனை, அவ்வளவுதான். படித்துக்கொண்டிருப்பதை அசையாமல் வைத்துத் தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள் (கழுத்து வலிக்காரர்கள் இதை விட்டுவிடலாம்). படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் படிக்கிற பொருளை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலைந்துபோகும். தலை ஆடும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதைக் கண்டுபிடித்து, தலை எவ்வளவு திரும்பியதோ அவ்வளவு கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. நூறில் ஒரு நொடி போதும் அதற்கு. மூளை யோசித்து உத்தரவு போடும் வேலையே இல்லை. மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் குமாஸ்தாவே தீர்த்துவிடும் கோப்பு மாதிரி.

இவ்வளவையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் ஐகப் என்று ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2004-இல் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது. சின்னக் குழந்தையின் உயரம், 104 சென்டிமீட்டர். உடம்பில் 53 அசைவுகள். அதில் கழுத்துக்கு மூன்று, கண்ணுக்கு மூன்று. கண் இரண்டும் சேர்ந்து மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் தனித்தனியாகத் திரும்பும். தனித்தனியாக ஏன் திரும்ப வேண்டும் என்பதில்தான் இரண்டு கேமராவின் பயனே இருக்கிறது.

பந்து கிட்டே வந்தால் இரண்டு கண்ணும் மூக்கை நோக்கி உள்ளே திரும்ப வேண்டும். தூரப் போனால் நேராக வேண்டும். நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. முப்பது சென்டிமீட்டரில் ஒரு பொருளை வைத்துப் பார்த்தால் இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் நடுவே பன்னிரண்டு டிகிரி கோணம். ஆறு மீட்டரில் அது அரை டிகிரி சொச்சமாகிவிடும். ஆகவே பந்து இரண்டு கேமராப் படத்திலும் நட்டநடுவில் வந்து நிற்கும்படி கண்களைத் திருப்பிவிட்டால், திரும்பிய கோணமே தூரத்தைச் சொல்லிவிடும். இது நில அளவைக்காரர்களின் பழைய கணக்கு. லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்துகொண்டுதான் முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். ரோபோவின் அடிக்கோடு விரல் நீளம்தான். அதனால்தான் கிட்டத்தில் இருக்கும் கோப்பையைச் சரியாக எட்டிப் பிடிக்கிற ரோபோவுக்கு, தெருக்கோடியில் வருபவரின் தூரத்தைக் கண்ணை வைத்துச் சொல்வது கஷ்டம்.

காதுக்குள் இருக்கும் உறுப்புக்குப் பதில் ஐகப்பின் தலைக்குள் சுழற்சியை உணரும் கருவி ஒன்று இருக்கிறது. தலை வலது பக்கம் திரும்பினால் கண்ணை அதே அளவு இடது பக்கம் திருப்பச் சொல்லும். யாராவது கூப்பிட்டால் நாம் எப்படித் திரும்புகிறோம்? விழி இலேசானது, அது முதலில் தாவிவிடும். கனமான தலை பின்னால் வரும். தலை வந்து சேரச் சேர விழி தன் குழியின் நடுவுக்குத் திரும்பிவிடும். ரோபோவிலும் இதே வரிசைதான். இதை நேர்த்தியாகச் செய்யும் ரோபோவைப் பார்த்தால் உயிருள்ள ஒன்று திரும்பிப் பார்த்த மாதிரியே இருக்கும். கழுத்தை மட்டும் திருப்பும் ரோபோ, சுளுக்கு விழுந்தவர் திரும்புவது போல இருக்கும்.

உண்மையான தலைவலி தாமதம்தான். கேமரா படம் எடுக்க வேண்டும், கணினி அதில் பந்து எங்கே என்று தேட வேண்டும், மோட்டார் திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் பத்தில் ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் உருளும் பந்து அதற்குள் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்து நாலு மீட்டர் போயிருக்கும். ரோபோ எப்போதும் பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு எட்டிப் பிடிக்கப் போனால் தாண்டிவிடும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். கள்ளுக்கடையிலிருந்து வருபவர் நடை மாதிரி. இதற்கு மருந்து, பந்து அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று ஊகிப்பதும், வந்த படத்தோடு ஒப்பிட்டு அந்த ஊகத்தைத் திருத்திக்கொள்வதும்தான். ருடால்ஃப் கால்மன் என்ற ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் 1960-இல் இதற்கு ஒரு கணித முறை எழுதினார். சந்திரனுக்குப் போன அப்போலோ விண்கலங்கள் வழி தப்பாமல் போக உதவியதும் இந்த முறைதான்.

இன்னொரு சிக்கல். கண் திரும்பும்போது கேமராப் படத்தில் அறை முழுவதும் ஓடும். எது தானாக ஓடுகிறது, எது நாம் திரும்பியதால் ஓடுகிற மாதிரி தெரிகிறது? நம் மூளை கண்ணுக்கு ‘திரும்பு’ என்று உத்தரவு போடும்போதே அதன் நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கழித்துக்கொள்கிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். நகல் வைத்துக்கொள்ளாத ஆபீஸ் எப்படி நடக்கும்? ஒரு கண்ணை மூடி, திறந்திருக்கும் கண்ணின் கீழ் இமை ஓரத்தை விரலால் மெல்ல அசைத்தால் உலகமே ஆடும். விரல் அசைத்ததற்கு நகல் இல்லை. (கண் அறுவை செய்துகொண்டவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நம் வாசகர்களில் பாதிப்பேர் அப்படித்தான் என்பதால் சொல்கிறேன்.) ரோபோவும் தன் கண் எவ்வளவு திரும்பியது என்பதைக் கழித்துவிட்டு, மீதி அசைவைத்தான் அசைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படித் திரும்புவது என்பது இவ்வளவு. எதை நோக்கித் திரும்புவது என்பது தனிக் கதை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ராட்னி புரூக்ஸ் 1993-இல் காக் என்ற ரோபோவைத் தொடங்கினார். அதன் ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு கேமராக்கள், ஒன்று அகலப் பார்க்க, ஒன்று கூர்ந்து பார்க்க. நம் கண்ணின் மங்கலுக்கும் கூர்மைக்கும் பதில் அது. அவரிடம் ஆராய்ச்சி செய்த சிந்தியா பிரீசீல் அதே தொண்ணூறுகளில் கிஸ்மத் என்ற தலை ஒன்றைச் செய்தார். சிவப்பு உதடு, நீலக் கண், கழுதைக்காது. அது பளிச்சென்ற நிறம், அசைவு, மனிதத் தோலின் நிறம் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதன் பக்கம் கண்ணைத் திருப்பும். எவ்வளவு நல்ல பொருளானாலும் பார்க்கப் பார்க்க அதன் மதிப்பெண் குறைந்துகொண்டே போகும்படியும் வைத்திருந்தார். அதாவது சலிப்பு! சலிப்பு இல்லாவிட்டால் முதலில் பார்த்த பொம்மையையே அது வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு இந்தச் சலிப்புதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

குரங்கின் கண்ணைக் கவனியுங்கள். வெள்ளை விழி அநேகமாகத் தெரியாது. மனிதனுக்குத்தான் கருவிழியின் இரண்டு பக்கமும் இத்தனை வெள்ளை. ஜப்பானில் கோபயாஷி, கோஷிமா என்ற இருவர் 1997-இல் பலவகைக் குரங்குகளோடு மனிதக் கண்ணை ஒப்பிட்டு இதை எழுதினார்கள். நாம் எங்கே பார்க்கிறோம் என்பது எதிராளிக்குத் தெரியும்படி அமைந்த கண் இது. கறுப்புக் கண்ணாடி போட்டவரிடம் பேசும்போது ஒரு சங்கடம் வருகிறதே, அது இதனால்தான். என் வேலைக்காலத்தில் ஓர் அதிகாரி அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கோப்பைப் படிக்கிறாரா, நம்மை அளக்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரியாமல் கால் மாற்றி நிற்போம். பார்வையின் திசை தெரியாவிட்டால் எதிரில் இருப்பவர் தாழ்ந்துபோகிறார். அதிகாரத்துக்கு அது வசதி.

நாவோ என்ற ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிசில் பிறந்தது, 58 சென்டிமீட்டர் உயரம், உலகத்தில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் குழந்தைகளோடு விளையாடியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் செய்தது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. அதற்கும் இரண்டு கேமராக்கள். ஆனால் ஒன்று நெற்றியில், ஒன்று வாய்ப்பக்கம். மேலே உள்ளது எதிரே பார்க்க, கீழே உள்ளது காலடியைப் பார்க்க. கண் என்று நாம் நினைக்கும் இரண்டு வட்டமும் நிறம் மாறும் விளக்குகள். குழந்தை அதன் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது, அது குழந்தையை நெற்றியால் பார்க்கிறது. குட்டி ரோபோ விளையாடுகிற இடத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. இதே வழக்கம் தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரரின் படுக்கையறைக்கு வந்தால் எனக்குச் சம்மதமில்லை.

படுக்கையறை என்று சும்மா சொல்லவில்லை. என் நண்பர் ஒருவர் மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கடல் தாண்டி. கூடத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். ஆள் நடந்தால் கூடவே தலையைத் திருப்பும் ரகம். நண்பர் குளித்துவிட்டு வரும்போது அதன் தலையில் ஒரு துண்டைப் போடுவார். வேட்டி கட்டிக்கொண்டு துண்டை எடுத்துவிடுவார். ‘ஏன் அரை மணி நேரம் இருட்டாக இருந்தது’ என்று மகள் போனில் கேட்பாளாம். இவரும் ஏதோ சொல்லிச் சமாளிப்பார். இதில் ஒன்று கவனித்தேன். அந்தக் கேமரா திரும்புவதால்தான் அவரால் அதோடு ஒத்துப்போக முடிகிறது. அது சமையல்கட்டுப் பக்கம் திரும்பி நின்றால் இவர் சோபாவில் நிம்மதியாகக் காலை நீட்டுகிறார். உத்தரத்தில் திரும்பாத வட்டக் கேமரா ஒன்று வைத்திருந்தால் அந்தக் கால் நீட்டல்கூட இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம். பிரெஞ்சில் பார்ப்பதற்கு ரெகார்தே என்று சொல்வோம். அதற்குள்ளேயே கார்தே என்ற சொல் இருக்கிறது, காப்பது என்று அர்த்தம். தமிழிலும் ‘அப்பாவைப் பார்த்துக்கொள்’ என்கிறோம். இரண்டு மொழியிலும் பார்வையிலிருந்துதான் காவல் வருகிறது. இயந்திரத்துக்குப் பார்ப்பது வரும். பார்த்துக்கொள்வது என்பது அந்தப் படத்தை மறுமுனையில் பார்க்கிற மகளிடம் இருக்கிறது. ஆகவே அந்த இயந்திரத்தின் கண், மகள் அறைக்குள் வந்து நின்றால் எப்படி நடந்துகொள்வாளோ அப்படி நடந்துகொள்ளட்டும். அப்பா வேட்டி மாற்றும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளல்லவா?

‘கண்ணைத் திருப்பினால் போதுமா, காக் மாதிரி அகலக் கேமராவும் கூடவே இருந்தால் அது கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. மனிதர்களுக்கும் கடைக்கண் உண்டு. ஆனாலும் தலையையும் முதுகையும் சேர்த்துத் திருப்பினால் கடைக்கண்ணும் போய்விடுகிறது. ரோபோவையும் அப்படிச் செய்யலாம்: கேமரா எல்லாம் தலையில் மட்டும், கண் இருக்கும் இடத்தில் மட்டும். நெற்றியில் ஒன்று, மார்பில் ஒன்று என்று ஒளித்து வைக்கக் கூடாது. முகம் திரும்பினால் பார்வை முழுவதும் திரும்ப வேண்டும்.

இப்படிக் கட்டுவது விலை கூடும் என்பார்கள். ஆறு மோட்டார், சுழற்சிக் கருவி, ஊகக் கணக்கு எல்லாம் வேண்டும். நெற்றியில் அகலக் கண்ணாடி வில்லை ஒன்றை ஒட்டிவிட்டு முகத்தில் கண் வரைந்துவிடுவது மலிவு, அது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும் என்பதும் உண்மை. வியாபாரி மலிவானதைத்தான் கொண்டு வருவான். அதனால்தான் வாங்குகிற நாமும் நம் பிள்ளைகளும் முதலிலேயே கேட்க வேண்டும்: ‘இதன் கேமரா எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்’ என்று. விற்பவர் கண்ணைத் தொட்டுக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். வேறு எங்காவது தொட்டால், அந்தக் கண் எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்பேன். இமை. படத்தில் மட்டும் மூடுகிற இமை போதாது, வில்லையின் மேல் வந்து நிஜமாகவே மூடுகிற ஓர் இமை, அதை மூடச் சொல்லும் பொத்தான் நம் கைக்கு எட்டும் இடத்தில். இத்தனை மோட்டார் வைக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. நண்பரிடம் சொன்னேன். அவருக்கு இமை பிடித்திருக்கிறது, பொத்தான்தான் பிடிக்கவில்லை. ‘பொத்தான் இருந்தால் மூடினது யார் என்று கேட்பாள். துண்டு என்றால் காற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம்’ என்கிறார்.